சுவரில் பன்னிரண்டாவது இடம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
20.06.2025

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சி மாகிரட்டுக்கு, அண்ணன் அல்பிரட் சொல்ல, பக்கத்துத் தையல்கடை ஜெமீலா எழுதுவது.

ஜெமீலா மேலே திகதி போட்டிருக்கிறாள். இலக்கம் எனக்கு விளங்காது. என் கணக்கில் இது பழைய பாப்பரசர் மரித்துப் புதியவர் வந்த வருடம். செம்மணிப் புதைகுழியில் கிண்டக் கிண்ட எலும்பு வருகிற வருடம். மீன் சந்தைக்குப் பின்னால் நின்ற வாகைமரம் காற்றில்லாமலே விழுந்த வருடம். எப்போது வந்த கடிதம் என்று யாரும் கேட்டால் இதைச் சொல்லு.

எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. உன் சீனி வருத்தம் எப்படி? மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாயா?

இதைத் தொலைபேசியில் கதைக்க ஏலாது. போன கிழமை சிவில் உடுப்பில் மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர் உன் மகள் றஜிதாவின் தொலைபேசியை வாங்கி, அரை மணித்தியாலம் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அதனால்தான் கடிதம்.

உன் மகள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கத்தான் இங்கே மாற்றலாகி வந்தாள், என் வீட்டில்தான் தங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். இப்போது அவள் சரீப் முதலாளியின் பழைய அரிசிக் களஞ்சியச் சுவரில் படம் கீறத் தொடங்கிவிட்டாள். சந்தைக்குப் போகிற வருகிற எல்லாரும் பார்க்கிற சுவர். கீறப்போவது பூவும் மயிலும் அல்ல. அந்தக் காலம் ஆமி மைதானத்தில் பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராத பதினொரு பேரின் முகம். உன் மூத்தவன் மெல்ரோயும் அதில்.

"பிள்ளை, உனக்கு விசரே?" என்று கேட்டேன்.

"அம்மாமார் பிள்ளையளின்ரை படத்தைக் கையிலை பிடிச்சுப் பிடிச்சுக் களைச்சிட்டினம் மாமா. இனிச் சுவர் பிடிக்கட்டும்" என்கிறாள்.

சுவரில் பன்னிரண்டு கட்டம் அளந்து கோடு போட்டிருக்கிறாள். போனவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. உனக்கு வருத்தம் கடுமை என்று சொல்லி அவளைப் பேசாலைக்குக் கூப்பிடு. முதலில் தொலைபேசியை வாங்குவார்கள். பிறகு ஆளை வாங்குவார்கள். நான் பார்த்தவன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

அண்ணன் அல்பிரட், கைநாட்டு.

மாகிரட் அக்கா, இது ஜெமீலா. உங்கள் அண்ணை சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அவர் இரண்டு கிழமையாகச் சந்தைக்குச் சுற்றுவழியால் போகிறார். அந்தச் சுவரைக் கடக்கிறதில்லை. அல்லாஹ் காவல்.

*

பேசாலை.
04.07.2025

அன்புள்ள அண்ணைக்கு, மாகிரட் எழுதுவது. வெற்றி மாதா துணையால் உயிரோடு இருக்கிறேன். சீனி ஏறுவதும் இறங்குவதும் அதன் பாடு. உங்கள் முழங்காலுக்கு ஆமணக்கெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள். ஜெமீலாவுக்கும் என் அன்பு.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல்முறை வாசித்தபோது பிள்ளையைக் கூப்பிடத்தான் நினைத்தேன். பெட்டிகூட எடுத்து வைத்தேன், நேரில் வந்து இழுத்துக்கொண்டு வர. பிறகு பெட்டியைத் திரும்பவும் மேலே வைத்துவிட்டேன்.

அண்ணை, மெல்ரோய் போனபோது இவள் என் வயிற்றில் ஐந்து மாதம். மண்டபம் முகாமில் பிறந்தாள். தமையனைக் கண்டதில்லை. படம் பார்த்தும் கண்டதில்லை. இருந்த ஒரேயொரு படத்தை வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடும்போது கடல் எடுத்துவிட்டது. சின்னவளாக இருக்கும்போது, "அண்ணா எப்பிடி இருப்பான்?" என்று கேட்பாள். "உன்னை மாதிரி" என்பேன். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்ப்பாள். அப்படி வளர்ந்தவளிடம் சுவரை விடு என்று எந்த வாயால் சொல்வேன்?

எனக்கும் பயம்தான். வீதியில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எழும்பி விளக்கை அணைக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரு முகம் கண்டால் மறக்காத ஆள் நீங்கள். அவளுக்கு அவன் முகத்தைச் சொல்லிக் கொடுங்கள். எனக்கு இப்போது அவன் குரல்தான் நிற்கிறது. முகம் கரைந்துகொண்டு போகிறது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

செபமாலையில் உங்களை மறவாத தங்கச்சி,
மாகிரட்.

*

திருகோணமலை.
21.07.2025

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சிக்கு, எண்ணெய் பூசினேன். முழங்கால் கேட்கிறது. உனக்கும் அப்படியே சுகம் கிடைக்கட்டும்.

நீ கேட்டதைச் செய்தேன். செய்யாமல் விட்டிருக்கலாம். கேட்டது நீ, அதனால் செய்தேன்.

நாலு நாள் களஞ்சியத்துக்கு முன்னால் கதிரை போட்டு என்னை இருத்தினாள். நான் சொல்லச் சொல்ல அவள் கரியால் கீறினாள். பதினொரு பேரில் ஆறு பேருக்குப் படம் இல்லை. படம் இருந்த ஐந்து பேருக்கும் நான் திருத்தம் சொன்னேன். சந்தைக்கு வந்த சனம் கூடிவிட்டது. மீன்காரர் ஒருவர், "எப்பிடி ஐயா இவ்வளவும் ஞாபகம்?" என்று கேட்டார்.

எப்படி என்றால், உனக்குத் தெரியும். துறைமுகக் கேற்றில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒப்பந்தக்காரரிடம் இருபது வருடம் நின்றேன். வரவுப் புத்தகம் எழுத எனக்குத் தெரியாது. நானூறு வேலையாள். ஒவ்வொருத்தனாக வருவான். முகத்தைப் பார்த்து, எங்கள் ஆள் என்றால் தலையை ஆட்டுவேன். காவலாளி உள்ளே விடுவான். ஆட்டாவிட்டால் வெளியே. ஒருநாளும் பிழைவிட்டதில்லை. "அல்பிரட்டின்ரை தலைதான் எங்கடை புத்தகம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

மெல்ரோயைக் கடைசியாகக் கீறினாள். இடது காது மடலில் தூண்டில் கிழித்த வடு. மேலுதட்டில் அப்போதுதான் அரும்பிய மீசை. நீலச் சேட்டு. அதைப் பூட்டுகிற தெறிகளில் மூன்றாவது மட்டும் வெள்ளை. முகத்தில் சிரிப்பு. முழுச் சிரிப்பு அல்ல, தப்பிவிட்டோம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கீறி முடிந்ததும் அவள் சுவரில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாள்.

மோட்டார்சைக்கிள்காரர் இரண்டு முறை வந்தார்கள். ஒருவன் படம் எடுத்தான். முகங்களை எடுக்கவில்லை, அதைப் பார்த்து நின்ற சனத்தை எடுத்தான். சரீப் முதலாளி வந்து, "என்ரை சுவர்தான், நான்தான் ஓமெண்டு சொன்னனான். ஆனால் அல்பிரட், கடைக்கு ஆரார் வருகினம் எண்டு எழுதிக்கொண்டு நிக்கிறாங்கள்" என்றார். அவர் பயந்த முகத்தை நான் முன்னம் கண்டதில்லை.

நேற்று நானும் சுவரைக் கடந்து போனேன். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உன் அண்ணன் அல்பிரட், கைநாட்டு.

*

பேசாலை.
03.08.2025

அன்புள்ள அண்ணைக்கு, இறைவன் துணை.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

றஜிதா சுவரைப் பார்த்து ஒரு தாளில் கீறி, மன்னாருக்கு வந்த கன்னியாஸ்திரியிடம் கொடுத்தனுப்பினாள். சிஸ்ரர் வாசலில் நிற்கிறார், நான் அவரை இருக்கச் சொல்லவும் மறந்துவிட்டேன். அண்ணை, அது என் பிள்ளை. அந்தக் காது. அந்த உதடு. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறான். தாளை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்றுதான் என்னை விடாமல் அரிக்கிறது. அந்த நீலச் சேட்டை நான் அன்று விடியத்தான் தைத்து முடித்தேன். ஒரு தெறி குறைந்தது. தலையணை உறையில் இருந்த வெள்ளைத் தெறியை அறுத்து மூன்றாவதாக வைத்தேன். "கோமாளி மாதிரி இருக்கணை" என்றான். "போட்டுக்கொண்டு போ, பின்னேரம் மாத்தித் தாறன்" என்றேன். அரை மணித்தியாலத்தில் ஆமிக்காரர் ஒழுங்கையை வளைத்தார்கள். ஆண்களை மட்டும் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்களைக் கிட்டவும் விடவில்லை. அந்தச் சேட்டோடு அவனை நான் கண்டது அந்த அரை மணித்தியாலம்தான்.

நீங்கள் அன்று கிண்ணியாவில். பாதைப் படகு ஓடாமல் மூன்று நாள் அங்கே நின்றதாகத்தானே சொன்னீர்கள். அந்தத் தெறியைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது? சொன்னவர் என் பிள்ளையைக் கடைசியாகக் கண்டவர். உயிரோடு இருந்தால் அவர் கையைப் பிடித்து ஒருமுறை அழவேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
மாகிரட்.

*

திருகோணமலை.
30.08.2025

அன்புள்ள அம்மாவுக்கு, றஜிதா எழுதுவது. நான் சுகம். மாமா சுகமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கடிதத்தை ஜெமீலா மாமி வாசித்துக் காட்டிய நாளிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. "பதில் எழுதுவம் வாங்கோ" என்று மாமி தாளோடு வந்தால், "தலையிடிக்குது பிள்ளை, நாளைக்கு" என்கிறார். அந்த நாளை வரவில்லை.

போன கிழமை வெள்ளி விடியச் சந்தைக்குப் போனால் சுவர் முழுக்க வெள்ளை. பதினொரு முகமும் இல்லை. யார் சுண்ணாம்பு அடித்தது என்று யாருக்கும் தெரியாதாம். எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்க்காமல் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாமார் பத்துப் பேர் வந்து வீதியில் இருந்துவிட்டார்கள். சரீப் முதலாளி வந்தார். அவர் என்னை நிற்பாட்டச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "சுண்ணாம்பு நல்லாக் காயட்டும் பிள்ளை. அதுக்கு மேலை பெயின்ற் இன்னும் நல்லாப் பிடிக்கும்" என்றார். ஆறு நாளில் திரும்பவும் கீறி முடித்துவிட்டேன்.

இரண்டாந்தரம் கீறும்போதுதான் கவனித்தேன் அம்மா. மாமா சொல்லிக் கீறின பதினொரு முகமும் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம். "ஏன் மாமா?" என்று கேட்டேன். "அப்பிடித்தான் நிண்டவை" என்றார். பிறகு, "அப்பிடித்தான் நிண்டிருப்பினம்" என்று மாற்றிச் சொன்னார்.

பன்னிரண்டாவது கட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அது தலையாட்டிக்கு. சாக்குக்குள் தலையை மறைத்துக்கொண்டு ஜீப்பில் இருந்து இவனைப் பிடி, அவனைப் பிடி என்று காட்டிக்கொடுத்தவனுக்கு. வெறும் சாக்கும் இரண்டு ஓட்டையும் கீறத்தான் நினைத்தேன். அம்மாமார் விடவில்லை.

"சாக்கைக் கழட்டு பிள்ளை. உள்ளுக்கை ஆர் எண்டு ஊருக்குத் தெரியும்."

"ஆர்?"

"உப்புவெளி றிக்சன்தான். ஒரே வரிசையிலை நிண்டவன். முன்னுக்கும் பின்னுக்கும் நிண்டவங்களைக் கொண்டுபோட்டாங்கள், இவன் மட்டும் பின்னேரம் வீட்டை வந்து சோறு திண்டவன். எப்பிடி?"

வரிசையில் நின்றவன் ஜீப்புக்குள் எப்படி இருப்பான் என்று கேட்டேன். "கொஞ்சநேரம் வரிசை, கொஞ்சநேரம் ஜீப்" என்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் நம்புகிறார்கள். இதைக் கேட்டதும் மாமா கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார். "உயிரோடை இருக்கிறவன்ரை முகத்தைக் கீறுறது கொலை" என்று கத்தினார். மாமா கத்தி நான் கேட்டதில்லை.

உங்கள் மருந்தை மறக்காதீர்கள்.

மகள் றஜிதா.

*

பேசாலை.
09.09.2025

அன்புள்ள அண்ணைக்கு, மாதா துணை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் இருப்பதாக அறிந்தேன்.

அந்தத் தெறியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

றிக்சனைப் பற்றி றஜிதா எழுதியிருந்தாள். அவனுக்கு நான் முப்பத்தைந்து வருடம் சாபம் போட்டிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். வெளியே வந்து வீடு போய்ச் சேருமுன்னே திரும்பவும் சபிப்பேன். அவன் முகம் அங்கே ஏறவேண்டும். என் பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறினாலும் பரவாயில்லை. அவன் பேரப்பிள்ளைகள் அந்த வழியால் பள்ளிக்கூடம் போகட்டும்.

அம்மாமார் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம். "அல்பிரட் ஓமெண்டு சொன்னால் கீறு, இல்லையெண்டால் விடு" என்று றஜிதாவிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஞாபகத்தை ஊரே நம்புகிறது. கேற்றில் தலையாட்டின மாதிரி ஒருமுறை ஆட்டிவிடுங்கள் அண்ணை. அவ்வளவுதான் நான் கேட்பது.

தங்கச்சி மாகிரட்.

*

திருகோணமலை.
22.09.2025

அன்புள்ள தங்கச்சிக்கு, நலமாக இருக்க வேண்டுகிறேன்.

றிக்சனைக் கீறவேண்டாம். அவன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு நான் தலையாட்ட மாட்டேன். கட்டம் வெறுமையாகக் கிடக்கட்டும். பதினொரு முகம் போதாதா?

தெறியைப் பற்றி யாரோ சொன்னது. யார் என்று மறந்துபோனேன்.

றஜிதாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லித் துண்டு வந்திருக்கிறது. போய்விட்டு வருவாள், பயப்படாதே.

அண்ணன், கைநாட்டு.

மாகிரட் அக்கா, ஜெமீலா எழுதுவது. இது அவர் சொன்ன நாலாவது கடிதம். முதல் மூன்றையும் தொடங்கியதுமே என் கையில் இருந்து பறித்துக் கிழித்துவிட்டார். அவற்றில் "அன்புள்ள தங்கச்சிக்கு" என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பதினேழு வருடமாக இவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். "மறந்துபோனேன்" என்று இவர் வாயால் நான் கேட்பது இன்றுதான்.

*

திருகோணமலை.
05.10.2025

அன்புள்ள அம்மா, நான் சுகம். விசாரணையில் நாலு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். கை வைக்கவில்லை. பெயின்ற் யார் தந்தது, படம் இல்லாத ஆட்களின் முகத்தை யார் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் மாமாவின் பெயரைச் சொல்லவில்லை. அம்மாமார் சொன்னார்கள் என்றேன். "அம்மாமார் மைதானத்துக்குள்ளை நிக்கேல்லையே" என்றான் ஒருவன். அம்மா, அது நீங்கள் கேட்ட அதே கேள்வி.

வெளியே நிலைமை மோசம். பன்னிரண்டாவது கட்டத்தில் யாரோ எனக்குத் தெரியாமல் கரியால் றிக்சனின் முகத்தைக் கீறிவிட்டார்கள். கண்ணும் மூக்கும் பிழை, ஆனால் நெற்றித் தழும்பைப் போட்டிருக்கிறார்கள், அவர்தான் என்று எவருக்கும் தெரியும். அவர் வீட்டுக் கதவில் கழிவொயில் ஊற்றியிருக்கிறார்கள். வலையை வெட்டிவிட்டார்கள். பத்து நாளாக அவர் கடலுக்குப் போகவில்லை. நான் அந்தக் கரியை அழிக்கப் போனேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளையை அழிச்சவனை நீ அழியாதை" என்று அழுதார்.

வருகிற இரண்டாம் திகதி, மரித்த விசுவாசிகளின் நாளில், சுவருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தப் போகிறோம். அதற்குள் நான் பெயின்ற் அடித்து முடிக்கவேண்டும். என்ன முகம் என்று நீங்களாவது சொல்லுங்கள்.

றஜிதா.

*

பேசாலை.
13.10.2025

அண்ணைக்கு,

இரண்டாம் திகதிக்கு நான் வருகிறேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று இருவரும் நேரில் பார்க்கலாம்.

அதற்கு முன்னம் எனக்குத் தெறிக்குப் பதில் வேண்டும். மறந்துபோனேன் என்று எழுதவேண்டாம்.

மாகிரட்.

*

திருகோணமலை.
26.10.2025

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை எழுதுவது ஜெமீலா அல்ல. உன் மகள். நான்தான் கேட்டேன். தொடங்கும்போது அவளிடம் ஒரு சத்தியம் வாங்கினேன், நான் சொல்வதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று. உன் சுகத்தை நேரில் கேட்கிறேன், நீ அதற்குப் பிறகும் என் வீட்டுப் படி ஏறினால்.

அது இந்தியன் ஆமி கடைசிக் கப்பல் ஏறிப் போன வருடம். உதைபந்து உலகக் கோப்பை முடிந்து ஒரு கிழமை. நான் கிண்ணியாவுக்குப் போகவில்லை. இரண்டு நாள் முன்னமே கேற்றில் வைத்து என்னைக் கொண்டுபோய்விட்டார்கள். அடித்தார்கள். பிறகு தமிழ் கதைக்கிற பெரியவன் ஒருவன் வந்து அடித்தவர்களைப் பேசிவிட்டு எனக்குத் தேத்தண்ணி தந்தான்.

"நீதானே முகம் பாத்து ஆள் விடுறவன்?"

"ஓம் ஐயா."

"நாளைக்கு உன்ரை ஊர்ப் பெடியளைக் கூப்பிடுறம். கனபேர். எங்களுக்கு நல்லவன் ஆர், கெட்டவன் ஆர் எண்டு தெரியாது. உனக்குத் தெரிஞ்ச நல்ல பெடியனுக்குத் தலையை ஆட்டு. அவனை விட்டிடுவம். பிறகு ஆரும் உன்னோடை கோவிக்காமல் இருக்கத்தான் சாக்கு."

சாக்குப் போட்டவன் தலையாட்டினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவன் தன் பிள்ளைமேல் சத்தியம் பண்ணினான். இருபது வருடம் நான் தலையாட்டினால் ஆளை விட்டிருக்கிறார்கள். இதுவும் ஒரு கேற்றுத்தான் என்று நினைத்தேன். நினைக்க எனக்கு விருப்பமாக இருந்தது.

முதலாவது வந்த பெடியனுக்கு ஆட்டினேன். அவனைக் கொண்டுபோய் மரநிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். ஆட்டாதவர்களை வெயிலில் இருத்தினார்கள். பெரியவன் சொன்னது சரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். நாலாவது மெல்ரோய். நீலச் சேட்டு, மூன்றாவது தெறி வெள்ளை. மற்றவர்களுக்கு ஒருமுறை ஆட்டினேன். அவனுக்கு மூன்று முறை ஆட்டினேன் மாகிரட். தவறிப்போகக்கூடாது என்று. அவன் நிழலில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு ஜீப்பைப் பார்த்தான். உள்ளே யார் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ தனக்கு நல்லது செய்கிறார் என்றுதான் நினைத்திருப்பான். சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் இவள் கீறியிருக்கிறாள்.

பதினொரு பேருக்கு ஆட்டினேன். நான் நல்லவன் என்று கண்ட பதினொரு பேர்.

றிக்சன் வந்தான். அதற்கு முந்தின மாதம் எங்கள் வேலைத்தளத்துப் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வள்ளத்துக்கு அடித்தவன். அவனால் நான் ஒப்பந்தக்காரரிடம் பேச்சு வாங்கினேன். உனக்கு நிழல் ஒரு கேடோ, வெயிலில் கிடந்து காய் என்று நினைத்தேன். ஆட்டவில்லை.

பின்னேரம் வெயிலில் இருந்தவர்களை வீட்டுக்கு விட்டார்கள். நிழலில் இருந்தவர்களை லொறியில் ஏற்றினார்கள். சாக்குக்குள் இருந்து நான் கத்தினேன். பெரியவன் என் தோளில் தட்டி, "நல்ல வேலை செய்தாய்" என்றான்.

இந்த இடத்தில் உன் மகள் பேனையை வைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்துவிட்டாள். முகத்தைக் கழுவியிருக்கிறாள். "சொல்லுங்கோ" என்கிறாள். மாமா என்று சொல்லவில்லை.

நேற்று பஸ் ஏறி உப்புவெளிக்குப் போனேன். றிக்சன் கதவில் ஒயிலைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"வாங்கோ அல்பிரட் அண்ணை. நீங்களும் காறித் துப்ப வந்தனீங்களோ? வரிசை பெரிசு, நில்லுங்கோ."

"இல்லையடா."

"பேத்தி பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்குது. நான் தலையாட்டேல்லை அண்ணை. நான் ஏன் தப்பினனான் எண்டு எனக்கே தெரியாது. செத்தவங்களோடை போயிருந்தால் என்ரை முகமும் அங்கை மரியாதையா இருந்திருக்கும். நீங்கள் அண்டைக்கு ஊரிலை இல்லாமல் போனியள். இருந்திருந்தால் நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பியள்."

நான் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். வரும்போது தீர்மானித்தேன்.

முப்பத்தைந்து வருடம் நான் பயந்தது மோட்டார்சைக்கிளில் வருகிறவர்களுக்கு அல்ல. உன் கடிதங்களுக்குத்தான். ஒவ்வொன்றும் வரும்போது, தெரிந்துவிட்டதோ என்று உறையைத் தடவிப் பார்ப்பேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு உறை தடித்திருந்தாலும் பயம், மெல்லிசாக இருந்தாலும் பயம். இனி எல்லாரும் வருவார்கள். தேத்தண்ணி தந்தவனின் ஆட்கள், நான் கண்டதைச் சொல்லாமல் இருக்க வைக்க வருவார்கள். அம்மாமார் வருவார்கள். யார் முந்துவார்கள் என்று தெரியாது. இப்போதும் இதைச் சொல்லிக்கொண்டு இருக்கும்போது வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். உன் மகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மெழுகுதிரிக்கு முன்னம் அந்தக் கரியை அவள் அழிக்கவேண்டும். நான் காலையில் போய்க் களஞ்சியத்துக்கு முன்னால் அதே கதிரையில் இருக்கிறேன். பார்த்துக் கீறட்டும். சாக்கு வேண்டாம்.

சாக்குக்குள் யார் என்று தெரிந்தவர்கள் நாலு பேர். தேத்தண்ணி தந்த பெரியவன் அடுத்த வருடம் கண்ணிவெடியில் போனான். ஜீப் ஓட்டினவன் தன் ஊரில் கிணற்றில் விழுந்து செத்தான் என்று கேள்விப்பட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட பாதர் சுனாமிக்கு முந்தின தவக்காலத்தில் மரித்தார். மிச்சம் உயிரோடு இருப்பவன் ஒருத்தன்தான். எழுது பிள்ளை, கைநாட்டு வேண்டாம், பெயரை முழுதாக எழுது.

அல்பிரட்.